பானெட் கீலைக் கழட்டி வெயிட் குறைக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ட்ராக் காருக்கு, அதாவது ரேஸ் ட்ராக்குல ஓட்டுற காருக்கு, வெயிட் குறைக்கிறவங்க சீட்டு, கார்ப்பெட் எல்லாம் கழட்டி முடிச்சதும் அடுத்து கை வைக்கிற இடம் பானெட்தான். கீல் ரெண்டு, லாட்ச் (முன்னாடி பூட்டுற கொண்டி), கேபிள், ஸ்டே ராடு (திறந்த பானெட்டைத் தாங்குற கம்பி) எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நாலு மூலையிலயும் பானெட் பின் (பானெட் ஓட்டை வழியா மேல நீட்டுற கம்பி, அதுல கிளிப்பு சொருகிப் பூட்டணும்) வச்சு, பானெட்டை அப்படியே கையால தூக்கி எடுக்குற மாதிரி மாத்திடுறாங்க. நல்ல வேலைதான், வேண்டாம்னு சொல்லவே மாட்டேன். ஆனா கீலும் லாட்சும் திறந்து மூடுறதுக்கு மட்டும் இருக்குற சாமான் இல்ல, பானெட்டை அதே இடத்துல நிக்க வைக்குது, காத்து தூக்காம பிடிச்சு வைக்குது, முன்னாடி மோதுனா பானெட்டோட பின் விளிம்பு கண்ணாடியப் பாத்து வராம தடுக்குது. அதைக் கழட்டுறப்ப இந்த மூணு வேலையையும் யார்கிட்ட ஒப்படைக்கிறோம்னு யோசிக்காம விடுறதுதான் பெரிய தப்பு, மத்த தப்பெல்லாம் அதுலேர்ந்துதான் வருது.

முதல்ல கணக்கு. சாதாரண கார்ல இரும்பு பானெட் மட்டுமே சுமாரா 15லேர்ந்து 20 கிலோ வரும். கீல், லாட்ச், ராடு எல்லாம் சேந்தாலும் அதுல சின்னப் பங்குதான். அப்போ கீலை மட்டும் கழட்டிட்டு அந்த இரும்புத் தகட்டையே வச்சுக்கிட்டா, தினம் ரெண்டு பேர் சேந்து தூக்குற வேலை மிச்சமே ஒழிய லாபம் பெருசா இல்ல. ஃபைபர் கிளாஸ் இல்ல கார்பன் பானெட் போடுற ஐடியா இருந்தா கீலையும் அப்பவே சேத்து எடுங்க. இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பும் நடக்குது, லேசான பானெட் வாங்கிப் போட்டுட்டு பழைய கேஸ் ஸ்ட்ரட்டை (பானெட்டைத் தூக்கிப் பிடிக்கிற கேஸ் அடைச்ச தண்டு) அப்படியே விட்டுடுறாங்க. அந்த ஸ்ட்ரட்டோட அழுத்தம் பழைய வெயிட்டுக்குன்னு வச்சது, புது பானெட்டை மூடி வச்சிருக்குற நேரமெல்லாம் அது மேல தள்ளிக்கிட்டே இருக்கும், கொஞ்ச நாள்ல ஓரம் வளைஞ்சு கீல் போல்ட் சுத்தி விரிசல் விழும்.

அடுத்தது காத்து. இதை நிறைய பேர் லேசா எடுத்துக்குறாங்க. 100 கிமீ வேகத்துல காத்தோட அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 47 கிலோ கணக்கு, 200 கிமீல அது ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு, கிட்டத்தட்ட 190 கிலோ. இதுல மூணுல ஒரு பங்கு பானெட்டை மேல இழுத்தாலே 60 கிலோவுக்கு மேல, ஒரு ஆளைக் கட்டித் தூக்குற பலம். இழுப்பு அதிகமா இருக்குறது முன் விளிம்புக்குக் கொஞ்சம் பின்னாடி, அதனால முன்பக்கத்து பின்னு ரெண்டும் முடிஞ்ச வரைக்கும் முன்னாடியும் ஓரத்துலயும் இருக்கணும். கிரில்லுக்கு மேல நடுவுல ஒண்ணே ஒண்ணு போட்டா ரெண்டு மூலையும் படபடன்னு அடிக்க ஆரம்பிக்கும்.

பின் மாட்டுற விதத்துலதான் பாதி பிரச்சனை. அளவெடுத்து மேலேர்ந்து ஓட்டை போடாதீங்க, எப்படியும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளிப் போகும். கீல் இன்னும் இருக்கும்போதே, பானெட் அதோட சரியான இடத்துல உக்காரும்போதே இந்த வேலைய முடிக்கணும். பின்னை லாட்ச் இருக்குற குறுக்குத் தகட்டுல மேலயும் கீழயும் நட்டு போட்டு நிக்க வச்சு, நுனில கொஞ்சம் பெயின்ட் தடவி, பானெட்டை மெதுவா இறக்கினா உள்பக்கம் புள்ளி விழும். அங்க சின்ன டிரில் பிட்டுல ஆரம்பிச்சு மேலத் தகடு வரைக்கும் நேரா கொண்டு போங்க, அப்புறம் பெருசாக்குங்க. ஓட்டை விளிம்பைத் தேச்சு பிரைமர் அடிங்க, இல்லன்னா துரு அங்கேர்ந்துதான் கிளம்பும். பின்னுக்குக் கீழ இருக்குற தகடு மெல்லிசா இருந்தா அடியில ஒரு பட்டை வச்சே ஆகணும். ஃபைபர் பானெட்னா ஓட்டையச் சுத்தி ரெண்டு பக்கமும் உலோகத் தகடு வைங்க, நடுவுல ஃபோம் இருக்குற டைப்பா இருந்தா ஓட்டைக்குள்ள ஒரு குழாய்த் துண்டு ஒட்டி வைங்க, இறுக்குனா நசுங்காது.

அப்புறம் அந்த ரப்பர் புஷ். பானெட்டுக்கு அடியில ஓரத்துல திருகி ஏத்தி இறக்குற ரப்பர் இருக்கும்ல, அதைத் தேவையில்லாத சாமான்னு நினைச்சு எடுத்துடுறாங்க. எடுக்கவே எடுக்காதீங்க. அந்த ரப்பர் கொஞ்சம் மேல தள்ளி கிளிப்பு இறுக்கமா நின்னாதான் பானெட் ஆடாம இருக்கும், ஆடுனா வட்டமா போட்ட ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துடும், அதுக்கப்புறம் அது விரிசல்.

பின்னுக்குப் பதிலா ஃப்ளஷ் டைப் லாட்ச் (பானெட்டோட சமமா படிஞ்சு நிக்கிற பூட்டு) வாங்குனா திறக்குற நுனி காத்தைப் பாத்து இருக்கக் கூடாது. குவார்ட்டர் டர்ன் ஸ்க்ரூ (கால் சுத்து திருகுனா திறக்குறது) வெயிட்டுக்கு நல்லது, ஆனா திறக்க டூல் தேடணும், இன்ஜின்லேர்ந்து புகை வர்ற நேரத்துல டூல் தேடிக்கிட்டு நிக்க முடியாது. பானெட்டுக்கு முழுக்க அதை மட்டும் நம்புறது எனக்குப் பிடிக்காது.

உள் ஃப்ரேமை வெட்டுறது இன்னொண்ணு. பானெட்டைத் திருப்பிப் பாத்தா அடியில ஒரு எலும்புக்கூடு மாதிரி ஃப்ரேம் இருக்கும், அதை வெட்டி எடுத்தா நல்லாவே வெயிட் குறையும்தான். ஆனா சுத்து விளிம்பையும் பின்னு வர்ற இடத்தையும் தொடக் கூடாது. மேலத் தகடு தனியா காகிதம் போலத்தான், வேகத்துல நடுவுல அலை அடிக்கும். அதோட அந்த ஃப்ரேம்ல மோதுனா நடுவுல மடியுறதுக்குன்னே வேணும்னு பலவீனமா வச்ச இடங்கள் இருக்கு. கண்டபடி வெட்டுனா மடிய வேண்டிய பானெட் மடியாம பின்னாடி சறுக்கும், கீலும் இல்லன்னா அதைத் தடுக்க பின் பக்கத்து ரெண்டு பின்னு மட்டும்தான் இருக்கும். அதனால பின் பக்கத்துக்கு மெலிஞ்ச பின் போட்டு காசு மிச்சம் பண்ணாதீங்க, முன்னாடி போட்டதை விட தடிமனாவே போடுங்க. அதுவும் பானெட்டோட பின்பக்க ஓரத்தை கவுல் (கண்ணாடிக்குக் கீழ இருக்குற தகடு) அடியில ஒரு கொக்கில சொருகி விட்டுட்டு முன்னாடி மட்டும் பின் போடுறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கீல் போயிட்டா பின் பக்கத்துல வாஷர் வச்சு பானெட்டைத் தூக்கி விட்டா சூடு வெளிய போகும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. நிக்கிறப்ப போகும், உண்மை. ஓடுறப்ப கண்ணாடி அடிவாரத்துல காத்து வந்து முட்டி அழுத்தம் ஏறுற இடம் அது, அங்க இடைவெளி விட்டா காத்து உள்ள வரத்தான் பாக்கும், ரேடியேட்டர் வழியா வர்ற காத்துக்கு வெளிய போக வழி குறையும். சூடு போகணும்னா ரேடியேட்டருக்குப் பின்னாடி, பானெட்டோட முன் பாதியில வென்ட் (காத்து வெளிய போற திறப்பு) வெட்டுங்க.

ரூல் புக்கைப் படிக்காம டிரில் எடுக்கிறவங்களும் இருக்காங்க. எஃப்ஐஏ (உலக மோட்டார் ரேஸ் அமைப்பு) ரூல் புக்கோட அப்பெண்டிக்ஸ் ஜே, ஆர்ட்டிகிள் 253ல பானெட்டுக்குக் குறைஞ்சது ரெண்டு கூடுதல் பாதுகாப்பு பின் வேணும், ஒரிஜினல் லாக்கை எடுத்துடணும் இல்ல வேலை செய்யாம பண்ணிடணும்னு இருக்கு. ஆனா நீங்க ஓட்டுற கிளாஸ்ல (ரேஸ் பிரிவுல) கீலைக் கழட்டவோ பானெட் மெட்டீரியலை மாத்தவோ விடுவாங்களான்னு அந்த கிளாஸ் ரூல்லதான் பாக்கணும், கழட்டினப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல.

அதே வண்டி ரோட்டுலயும் ஓடப் போகுதுன்னா கீலையும் ரெண்டாவது சேஃப்டி கேட்ச்சையும் (லாட்ச் விட்டாலும் பானெட்டைப் பிடிச்சு வைக்கிற கொக்கி) கழட்டாம அப்படியே விட்டுடுங்க, முன்னாடி ரெண்டு பின் மட்டும் சேத்துக்கோங்க.

கடைசியா பிட்ல, அதாவது ட்ராக் ஓரத்துல வண்டிய நிறுத்தி வேலை பாக்குற இடத்துல, நடக்குறது. கழட்டுன பானெட்டை எங்க வைக்கிறதுன்னு முன்னாடியே ஒரு இடம் பாத்து வைங்க, கார் மேல சாய்ச்சு வச்சா ஒரு காத்துக்குப் போயிடும், தரையில வச்சா யாராவது மிதிப்பாங்க. கிளிப்பு நாலையும் சின்ன ஒயர் போட்டு பானெட்டோட கட்டி விடுங்க. மாட்டுற ஆள் ஒருத்தர், செக் பண்ற ஆள் வேற ஒருத்தர்னு வச்சுக்கோங்க, செக் பண்றவர் கிளிப்பைக் கண்ணால பாத்தா போதாது, விரல்ல இழுத்துப் பாக்கணும். முதல் செஷன் முடிஞ்சு வந்ததும் நாலு ஓட்டையச் சுத்தியும் பெயின்ட் உரிஞ்சிருக்கா பாருங்க, உரிஞ்சிருந்தா பானெட் ஆடுதுன்னு அர்த்தம், ரப்பர் புஷ்ஷைக் கொஞ்சம் ஏத்திட்டு அடுத்த செஷனுக்குப் போங்க.