ஃபயர்பாக்ஸில் தமிழைத் தெளிவாகப் படிக்க

தமிழ்ப் பக்கங்களில் எழுத்துகள் மெலிந்தோ நெருக்கியடித்தோ தெரிந்தால், பெரும்பாலும் கணினியில் இயல்பாக அமைந்திருக்கும் எழுத்துருவே அதற்குக் காரணமாக இருக்கும். முதலில் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்திலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இலவசமாகத் தரவிறக்கி, கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள்.

பிறகு ஃபயர்பாக்ஸ் உலாவியின் அமைப்புகளைத் திறந்து, பொதுப் பிரிவில் எழுத்துரு என்ற பகுதிக்குச் சென்று, மேம்பட்ட தேர்வுகளுக்கான பொத்தானை அழுத்துங்கள். அங்கே மேலே உள்ள பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்த பின்னரே எழுத்துருவை மாற்ற வேண்டும். இல்லையேல் நீங்கள் செய்யும் மாற்றம் வேறொரு மொழிக்குப் போய்ச் சேரும். மிகக் குறைந்த எழுத்தளவையும் அங்கேயே குறிப்பிடலாம். கொம்பும் சுழியும் பிரிந்து தெரிய 16 போதும் என்பது என் கணிப்பு.

பக்கங்கள் தம் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்த அனுமதிக்கும் குறியை நீக்கினால், உங்கள் தேர்வே எல்லாத் தளங்களிலும் செல்லும். ஆனால் எழுத்துருவைக் கொண்டு படக்குறிகளைக் காட்டும் சில தளங்களில் வெற்றுக் கட்டங்கள் தோன்றக்கூடும் என்பதால், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது.

விளம்பரங்களைத் தடுக்க யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச நீட்சி ஒன்றே போதும். அதனுடன் இன்னொரு தடுப்பானைச் சேர்த்தால் பக்கங்கள் உடையக்கூடும். நீண்ட கட்டுரைகளுக்கு, முகவரிப் பட்டையில் தோன்றும் வாசிப்புப் பார்வைக் குறியைச் சொடுக்கினால், வரி இடைவெளியையும் பின்னணி நிறத்தையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.