மலைப்பாதையில் ஜிபிஎஸ்: நான் செய்த தவறுகளை இன்றும் பார்க்கிறேன்

சென்ற வாரம் கோத்தகிரியில் ஒரு தேநீர்க் கடை முன்னால் வண்டியை நிறுத்திய இளைஞர் ஒருவர், கைபேசியை என்னிடம் நீட்டி, "அண்ணா, இந்த ரோட்டுல போனா இருபது நிமிஷம் மிச்சமாகுதே, போகலாமா?" என்று கேட்டார். நீலகிரியில் பதினெட்டு ஆண்டுகளாகச் சுற்றுலா வண்டி ஓட்டும் எனக்கு அந்த நீலக்கோடும் தெரியும், அது போய் முடியும் இடமும் தெரியும். ஓட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள், சார்ஜரை மறக்காதீர்கள் என்பவற்றையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் மற்றவற்றைச் சொல்கிறேன்.

வரைபடத்தைத் தரவிறக்காமல் மலையேறுவது

செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜிபிஎஸ் அலைகளுக்குக் கைபேசிக் கோபுரம் தேவையில்லை, வரைபடத்துக்குத் தேவை. ஆகவே சிக்னல் போன இடத்தில் வெற்றுத் திரைமேல் ஒரு புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். மேட்டுப்பாளையத்திலேயே மாவட்டம் முழுவதையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

"இத்தனை நிமிடம் மிச்சம்" என்பதை நம்பிப் பாதை மாறுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான்.

வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி வாங்கிய முதல் ஆண்டில், குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்காக ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். வழக்கமான சாலையை விட்டுப் பிரியும் ஒரு தேயிலைத் தோட்டப் பாதையைக் காட்டி, பதினைந்து நிமிடம் குறையும் என்றது கருவி. முதல் ஒரு கிலோமீட்டர் நல்ல தார், அதன் பிறகு பெயர்ந்த கற்கள், அதற்கும் பிறகு பூட்டுப் போட்ட இரும்புக் கதவு. இருபுறமும் தேயிலைச் செடிகள் நெருக்கியிருந்ததால் வண்டியைத் திருப்ப வழியில்லை. தூறலில், ஏற்றத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னாலேயே எடுத்து வந்ததில் கிளட்ச் கருகிய வாடை வண்டிக்குள் நிறைந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. மறுநாள் கிளட்ச் மாற்றியதில் ஒரு வாரச் சம்பாத்தியம் போயிற்று.

சாலையின் நீளம், வகை, அதில் மற்றவர்களுடைய கைபேசிகள் நகரும் வேகம் ஆகியவற்றைக் கொண்டே கருவி நேரத்தைக் கணக்கிடுகிறது. நாளொன்றுக்கு நான்கு ஜீப்புகள் மட்டுமே போகும் தோட்டப் பாதையில் அந்தக் கணக்கு ஊகத்துக்கு மேல் எதுவுமில்லை. கதவின் பூட்டும் அதற்குத் தெரியாது, உங்கள் வண்டியில் எட்டுப் பேர் அமர்ந்திருப்பதும் தெரியாது. 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு காரைக் கைபேசி வரைபடம் படிக்கட்டில் கொண்டுபோய் இறக்கியது செய்தித்தாள்களில் வந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டப் பாதையில் கிளட்ச்தான் போகும். கல்லட்டி மலைப்பாதையில் உயிரே போகும். உதகையிலிருந்து மசினகுடிக்குக் கூடலூரைச் சுற்றிப் போனால் 70 கிலோமீட்டருக்கும் கூடுதல், கல்லட்டி வழியாகச் சுமார் 30. எது குறுக்கு வழி என்று எந்தக் கருவியும் யோசிக்காமல் சொல்லிவிடும். ஆனால் அந்த முப்பதுக்குள் 36 கொண்டை ஊசி வளைவுகளும், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இறக்கமும் அடங்கியிருக்கின்றன. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று அறியாமல், பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பல விபத்துகளுக்குப் பிறகே, வெளியூர் வண்டிகள் அவ்வழியில் இறங்குவதற்குத் தடை வந்தது. இத்தனைக்குப் பிறகும், "மேப் காட்டுதே" என்று சோதனைச் சாவடியில் வாதாடுபவர்களைப் பார்க்கிறேன்.

பாதை மாறச் சொல்லி நடுவழியில் கருவி கேட்டால், மறுத்துவிடுங்கள். மாறியே ஆகவேண்டும் என்றால், அந்தச் சாலையில் பேருந்து போகிறதா என்று உள்ளூரில் ஒருவரிடம் கேளுங்கள். பேருந்து போகும் சாலையில் உங்கள் காரும் போகும்.

கொண்டை ஊசி வளைவில் அம்புக்குறியை நம்புவது

திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் துல்லியம் சுமார் 5 மீட்டர். ஒருபக்கம் மலைச்சுவர் வானத்தை மறைத்து, அலைகள் பாறையில் மோதித் திரும்பி வரும்போது பிழை கூடுகிறது. வளைவின் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால், நீங்கள் கீழே இருக்க அம்பு மேலே தாவும். அடுத்த நொடியே "வந்த வழியே திரும்புங்கள்" என்று அந்தக் குரல் சொல்லும். திரும்பாதீர்கள்.

ஊர்ப் பெயரை மட்டும் தட்டுவது

கோத்தகிரி வேறு, கீழ்கோத்தகிரி வேறு.

அனுமதியைக் கருவி பார்த்துக்கொள்ளும் என நினைப்பது

முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைபட்டிருக்கும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும்.

சலித்துப்போய்க் கருவியை அணைத்துவிடுவது

என்னைப் போன்ற பழைய ஓட்டுநர்கள் செய்யும் தவறு இது. கிளட்ச் போன கோபத்தில் நானும் இரண்டு ஆண்டுகள் அதைத் தொடவில்லை. குன்னூருக்கு மேலே மூடுபனி இறங்கி, முன்னால் பத்தடிகூடத் தெரியாத ஒரு மாலையில், பின்னால் இருந்த ஒரு பயணி தன் கைபேசியைப் பார்த்து, "அடுத்தது இடது வளைவு, அதற்கப்புறம் நேர் சாலை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வளைவு கண்ணுக்குத் தெரியும் முன்பே வேகத்தைக் குறைக்க முடிந்தது. எதிரே வரும் லாரியைக் கருவி காட்டாது. அதற்கு முகப்பு விளக்கும் ஹாரனும்தான். ஆனால் வளைவின் திசையை முன்கூட்டியே அறிவதும், நாங்கள் எங்கே வருகிறோம் என்று விடுதிக்காரர் தம் கைபேசியிலேயே பார்த்துக்கொள்வதும் பழைய காலத்தில் எங்களுக்குக் கிடைக்காத வசதிகள். இப்போது பனி இறங்கினால், கைபேசியைப் பார்த்து வளைவுகளை வாசித்துச் சொல்லும் வேலை என் வண்டியில் முன் இருக்கையில் அமர்பவருடையது.