மூன்று கமரா, ஒரே ஆள்: கடை வீடியோவில் தொடர்வது எப்படி?

கல்லடியில் மாமாவின் கடை. வாசலில் ஒரு கமரா, ஸ்டோரில் ஒன்று, வாகனத் தரிப்பிடத்தில் ஒன்று. ஒன்று பார்க்கும் இடத்தை மற்றது பார்க்காது. கணினி வாசலில் 7ஆம் இலக்கம் கொடுத்தவர் ஸ்டோரில் 2 ஆகிவிடுவார். இரண்டும் ஒரே ஆள் என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். பைத்தன் நிறுவத் தெரியும்தானே?

படி 1. ஒவ்வொரு கமராவையும் தனியாக முடியுங்கள். படத்தில் ஆள் எங்கே என்று பார்க்கும் யோலோ என்ற மொடல் ஆளைப் பிடிக்கும். ஆளைப் படத்துக்குப் படம் தொடரும் பைட்டிராக் அந்தக் கமராவுக்குள் இலக்கத்தைக் காப்பாற்றும்.

படி 2. ஆளை வெட்டியெடுத்து 256 உயரம், 128 அகலப் பிக்சலாக்கி ஆளைத் தோற்றத்தால் அடையாளம் காணும் ஓஎஸ்நெட் மொடலுக்குக் கொடுங்கள். அந்த ஆளின் தோற்றத்தைக் குறிக்கும் 512 எண்கள் வரும். இதைவிடப் பெரிய மொடல்கள் உண்டு, எனக்கு வேண்டாம். ஓஎஸ்நெட்டில் சுமார் 22 இலட்சம் பராமீட்டர் (மொடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) மட்டும்தான் என்பதால் என் பழைய லப்டொப்பிலும் ஓடுகிறது. ஒற்றைப் படத்தை நம்பாமல் பத்துப் பதினைந்தின் சராசரியை எடுத்து, கோசைன் ஒப்புமை (இரண்டு எண் வரிசைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) பாருங்கள். இது பெரும்பாலும் உடுப்பையும் உடல்வாகையும்தான் பார்க்கிறது. நாளைக்கு வேறு சேர்ட்டில் வந்தால் குழம்பிவிடும்.

படி 3. நேரம். இதில்தான் எனக்கு இரண்டு கிழமை போனது. வாசலிலிருந்து ஸ்டோருக்கு வேகமாக நடந்தாலும் 9 செக்கன் வேண்டும். அதற்கு முன் தெரிபவரை ஒதுக்கு என்று எழுதியிருந்தேன். சரியான சோடிகளே கழிந்துபோயின. மொடலை மூன்று தரம் மாற்றினேன், பலனில்லை. கடைசியில் பார்த்தால், ஸ்டோர் கமரா தனி டி.வி.ஆரில் (வீடியோவைப் பதியும் பெட்டி) இருக்கிறது; அதன் மணிக்கூடு 4 நிமிடம் 10 செக்கன் பிந்தி ஓடுகிறது. வாசலுக்கு வரமுன்னமே ஆள் ஸ்டோருக்குள் நிற்கிறார்!

செக்கன் காட்டும் போனை ஒவ்வொரு கமராவுக்கும் முன்னால் பிடியுங்கள். திரையில் பதியும் நேரத்துக்கும் போனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழியுங்கள். டி.வி.ஆரில் என்டிபி (இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள், நேர வலயம் +5:30. குறைந்தபட்ச நேரத்தில் கறாராக இருங்கள். கூடியபட்சத்தைத் தாராளமாக விடுங்கள், சாமான் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் அதிகம்.

படி 4. ஒருவருக்கு ஒருவர் என்று சோடி சேர்க்க ஹங்கேரியன் முறை (மொத்தத்தில் மிகப் பொருத்தமான சோடிகளைத் தேடும் கணக்கு) போதும், அதற்கான செயற்கூறு பைத்தனின் சைபை நூலகத்தில் இருக்கிறது. எவ்வளவு ஒப்புமை வந்தால் ஒரே ஆள் என்று கொள்வது என்ற எல்லை மதிப்பை மட்டும் வேறெங்கும் பார்த்து எழுதாதீர்கள். இப்படியான மொடல்களைப் பழக்கவும் சோதிக்கவும் பயன்படும் மார்க்கெட்-1501 தரவு சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் 6 கமராக்களில் எடுத்தது. நம் வெயிலும் சாரமும் அதற்குத் தெரியாது. நான் மச்சான்மார் நால்வரை, கேட்டுத்தான், நடக்கவிட்டு அளந்தேன். வாடிக்கையாளரைத் தொடர்வதென்றால் இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முதலில் வாசியுங்கள்.

பின்சேர்க்கை: பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாம் கவிழ்ந்தது. வெள்ளைச் சீருடைப் பொடியன்கள் அத்தனை பேரும் அதற்கு ஒரே ஆள். ஒப்புமையில் முதலிடம் வந்தவரின் மதிப்பெண்ணும் இரண்டாமவரின் மதிப்பெண்ணும் நெருங்கி வந்தால் இப்போது சோடி சேர்ப்பதில்லை, ‘தெரியாது’ என்றே விட்டுவிடுகிறேன்.