தீ அலாரத்துக்கு எவ்வளவு ஆகும்? முதல் ரூபாய் தூங்கும் அறைக்கு

"ஏனுங்க, ஃபயர் அலாரம் போட மொத்தம் எவ்வளவு ஆகும்?" திருப்பூரில் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகின்றன. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கட்டடத்தில் இரவில் யார் படுக்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள்? சில முதலாளிகளுக்கு முகம் மாறிவிடுகிறது. குடோனில் லட்சக்கணக்கில் நூல் கிடக்கும்போது வாட்ச்மேன் படுக்கும் இடத்தைப் பற்றி எதற்குக் கேட்கிறான் என்று. நூலுக்கு இன்சூரன்ஸ் உண்டு. மாடி அறையில் உறங்கும் ஒடிசாப் பையன்களுக்கு அலாரம்தான் காவல். புகை வந்தால் இருமி எழுந்துவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவரை எழுப்பாது, மயக்கத்தில் ஆழ்த்தும். ஆகவே கையில் இருக்கும் பணம் எவ்வளவானாலும், முதல் ரூபாயை ஆள் தூங்கும் இடத்தில் செலவழியுங்கள். அதற்குப் பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

வீட்டுக் கணக்கு எளிது. எல்லா அலாரத்தையும் இணைத்துக் கட்டுப்படுத்தும் பானல் பெட்டி, வயரிங் எதுவும் தேவையில்லை. பேட்டரியில் தனியாக இயங்கும் ஸ்மோக் அலாரம் 1,200 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும்போது போட்டோ எலக்ட்ரிக் வகைதானா என்று கேளுங்கள். மெத்தையும் பஞ்சும் கொழுந்துவிடாமல் கனிந்து புகையும்போது அந்த வகைதான் சீக்கிரம் கண்டுபிடிக்கும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அறைக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று என மூன்று போதும். சமையலறையில் ஸ்மோக் அலாரம் மாட்டாதீர்கள். தாளிக்கும்போதெல்லாம் கத்தும், ஒரே வாரத்தில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவீர்கள். அங்கே வெப்பத்தை உணரும் ஹீட் அலாரம் ஒன்றும், கேஸ் கசிவைக் காட்டும் கருவி ஒன்றும் வைக்கலாம். இரண்டும் தலா 1,500 ரூபாயிலிருந்து தொடங்கும். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அதனால் அந்தக் கருவியைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்ட வேண்டும். அழகுக்காக மேலே மாட்டி வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. எல்லாம் சேர்த்து 6,600 முதல் 10,500 ரூபாய்க்குள் ஒரு வீடு முடிந்துவிடும்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டத்து ஓட்டு வீடாக இருந்தால் ஒரு கவனம் வேண்டும். சூடான புகை முகட்டுக்குத்தான் போகும். சுவரோரம் தாழ்வாரத்தில் மாட்டிய அலாரம் வெகுநேரம் கழித்துத்தான் விழிக்கும். முகட்டை ஒட்டி மாட்டுங்கள், ஆனால் ஏணி வைத்து எட்டும்படி. பூஜை அறைக்கு நேர் எதிரே வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அது வாரம் தவறாமல் அலறும். மின்விசிறிக்கு அருகிலும் வேண்டாம், காற்று புகையை விரட்டிவிடும்.

கம்பெனிக் கணக்கு வேறு. ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். கீழே 5,000 சதுர அடியில் கட்டிங்கும் தையலும், ஓரத்தில் ஒரு ஆபீஸ். மேலே 2,500 சதுர அடியில் துணி குடோன், அதையொட்டித் தொழிலாளர்கள் தங்கும் நான்கு அறைகள். திருப்பூரில் தெருவுக்கு ஒன்று இப்படி இருக்கிறது.

தையல் பகுதியில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டே இருக்கும். ஓவர்லாக் மெஷின் ஓடும் இடத்தில் ஸ்மோக் டிடெக்டரை மாட்டினால் அதன் வலைக்குள் தூசி படிந்து, தீ இல்லாமலே கூப்பிடும். நாலு முறை பொய்யாகக் கூப்பிட்ட அலாரத்தை ஐந்தாம் முறை யாரும் மதிக்கமாட்டார்கள். அங்கே ஹீட் டிடெக்டர்தான். அது ஒன்று சுமார் 5.3 மீட்டர் ஆரத்தைப் பார்க்கும், ஸ்மோக் டிடெக்டர் 7.5 மீட்டர் வரை பார்க்கும். அதனால் அதே பரப்புக்கு ஹீட் டிடெக்டர் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்படும். கீழே பத்து ஹீட், ஆபீஸுக்கு ஒரு ஸ்மோக், குடோனுக்கு மூன்று, நான்கு அறைகளுக்கு நான்கு, நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் ஒவ்வொன்று. ஆக இருபது. கூரை தகர ஷீட்டாக இருந்தால் இன்னொன்று: ஹீட் டிடெக்டரில் பொதுவாகக் கிடைப்பது 57 டிகிரியில் இயங்குவது. சித்திரை வெயிலில் ஷீட்டுக்கு அடியில் அந்தச் சூட்டுக்குப் பக்கமாகவே போய்விடும். அதற்கு மேற்பட்ட அளவுள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ரூபாய். டிடெக்டர் ஒன்றுக்கு 1,100 வீதம் 22,000. கட்டடத்தை நான்கு பகுதியாகப் பிரித்துக் காட்டும் நான்கு ஜோன் பானல், பேட்டரிகளோடு 10,000. கண்ணாடியை அழுத்தி ஒலிக்கவைக்கும் சிவப்புப் பெட்டி நான்கு, 2,800. சத்தமாக ஒலிக்கும் ஹூட்டர் ஐந்து, 4,500. ஒன்றரை ஸ்கொயர் (1.5 சதுர மி.மீ.) தீத்தாங்கும் கேபிள் 300 மீட்டர், மீட்டர் 60 ரூபாய் வீதம் 18,000. பைப், பெட்டி, கிளாம்ப் 6,000. ஆள் கூலி 20,000. கூட்டினால் 83,300. ஜிஎஸ்டி 18 சதவீதம் 14,994. மொத்தம் 98,294 ரூபாய். பிராண்டையும் கட்டடத்தையும் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும். டிடெக்டரின் விலையை மட்டும் இணையத்தில் பார்த்துவிட்டு 22,000 ரூபாய்க்கு முடியும் என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். கேபிளும் கூலியும் சேர்ந்தே டிடெக்டரின் விலையைத் தாண்டிவிடுகின்றன.

இந்த அளவுள்ள கட்டடத்துக்கு அட்ரஸபிள் பானல் வேண்டுமா என்று கேட்கிறார்கள். எந்த டிடெக்டர் கூப்பிட்டது என்று பெயரோடு சொல்லும் அந்த வகை, பல மாடி ஓட்டல், மருத்துவமனை, பெரிய ஸ்பின்னிங் மில் போன்ற இடங்களுக்கு அவசியம். இருபது டிடெக்டருக்கு அதைப் போட்டால் செலவு இரண்டு லட்சத்தைத் தாண்டும். சாதாரணப் பானல் எந்தப் பகுதி என்று ஒரு விளக்கில் காட்டிவிடும். தையல், ஆபீஸ், குடோன், அறைகள் என நான்கு ஜோனாகப் பிரித்தால் ஓடிப்போய்ப் பார்க்க அது போதும். மிச்சமாகும் பணத்தில் அறைகளின் வாசலில் கூடுதலாக ஒரு ஹூட்டர் போடுங்கள். தூங்குகிறவரின் தலைமாட்டில் 75 டெசிபல் கேட்க வேண்டும் என்பது நடைமுறை அளவு. மூடிய கதவைத் தாண்டினால் சத்தம் வெகுவாகத் தேய்ந்துவிடும்.

அப்புறம் கிரில் கேட். இரவில் தொழிலாளர் மாடிக்குப் போகும் படிக்கட்டைக் கீழே பூட்டிவிட்டு, சாவியை மேஸ்திரி வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அலாரம் எவ்வளவு நன்றாக அடித்தாலும் அவர்கள் எங்கே ஓடுவார்கள்? உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போட ஒரு வெல்டர் வாங்கும் கூலி, ஒரு டிடெக்டரின் விலையளவுகூட வராது. தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது ஒரே வரியில் லம்ப்சம் என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். எத்தனை டிடெக்டர், என்ன வகை, எத்தனை மீட்டர் கேபிள், என்ன பேட்டரி என்று வரிவரியாக இருக்க வேண்டும். மூன்று கொட்டேஷனில் ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் கேபிள் வரியைப் பாருங்கள். சாதாரணப் பானலில் வயர் ஒரு டிடெக்டரிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போய், கடைசியில் ஒரு சிறு ரெசிஸ்டரில் முடியும். பானல் அந்த ரெசிஸ்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் வயர் அறுந்தால் உடனே கோளாறு விளக்கு எரியும். கேபிளை மிச்சம்பிடிக்க நடுவில் கிளை பிரித்து இழுத்தால், அந்தக் கிளை அறுந்து கிடந்தாலும் பானலுக்குத் தெரியாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஏணியைப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிடெக்டரையும் கையால் திருகினால் கழன்று வந்துவிடும். ஒன்றைக் கழற்றியதும் பானலில் மஞ்சள் விளக்கு எரிந்து பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தவில்லையென்றால் அந்த இடத்தில் வயரிங் சரியில்லை. திரும்ப மாட்டிவிட்டு, சோதனைக்கென்றே விற்கும் புகை ஸ்பிரேயை ஸ்மோக் டிடெக்டரின் அருகே அடிக்கச் சொல்லுங்கள். ஹீட் டிடெக்டருக்கு ஹேர் டிரையர் போதும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துப் பேட்டரியில் ஓடுகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைகள் நடக்கும்போது மாடியில் தங்குகிறவர்களும் உடனிருக்கட்டும். இந்தச் சத்தம் கேட்டால் இந்தப் படியில் இறங்கி, வாசலில் நின்று, 101க்குப் போன் செய்ய வேண்டும் என்று அவர்கள் மொழியிலேயே ஒருவர் சொல்லட்டும்.

வருடச் செலவையும் முதலிலேயே ஒதுக்குங்கள். மேலே சொன்ன அமைப்புக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் வருடத்துக்கு ஏழெட்டாயிரம் ஆகும். பானலில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டையும் மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒன்று ஆயிரம் ரூபாய் அளவில் இருக்கும். பஞ்சு பறக்கும் இடத்தில் டிடெக்டரை மாதம் ஒருமுறை வேக்குவம் வைத்து இழுத்துவிட்டால் பொய் அலாரம் குறையும். சுண்ணாம்பு, பெயின்ட் அடிக்கும்போது டிடெக்டருக்குப் பிளாஸ்டிக் மூடி மாட்டுவார்கள். ஆள்கள் போனதும் அந்த மூடிகளை எண்ணிக் கழற்றுங்கள். மூடியோடு வருடக்கணக்கில் தொங்கும் டிடெக்டர்களை நான் இன்னும் பார்க்கிறேன்.

தீபாவளிக்குக் கம்பெனிகள் நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும். தென்மாவட்டத்து ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், வடமாநிலத்துப் பையன்களில் சிலர் மாடியிலேயே இருப்பார்கள். அந்த நாட்களில் வெடிப்பொறி ஒன்று கட்டிங் வேஸ்ட் மூட்டையில் விழுந்து அலாரம் அடித்தால், முதலாளிக்கும் சேதி போக வேண்டும். பானலோடு இணைத்து, சிம் கார்டு வழியாகப் போன் செய்யும் டயலர் 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் வருகிறது. அதில் உங்கள் எண்ணையும் மேனேஜர் எண்ணையும் மட்டும் பதிய வேண்டாம். தீபாவளிக்கு நீங்கள் இருவருமே ஊரில் இருக்கமாட்டீர்கள். பக்கத்துக் காம்பவுண்டில் குடியிருக்கும் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் எண்ணை முதலில் போடுங்கள். சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்துவிடாமல் ஐப்பசி பிறப்பதற்குள் பார்த்துவிடுங்கள்.