கிரெடிட் கார்டு கேஷ்பேக்கைப் பில்லில் கழித்துக்கொள்வது எப்படி?

கேஷ்பேக் என்று எல்லா வங்கிகளும் சொன்னாலும், அந்தப் பணம் நம் கைக்கு வரும் வழி கார்டுக்குக் கார்டு வேறுபடுகிறது. அவ்வப்போது மாறவும் செய்கிறது. எச்டிஎஃப்சி வங்கியின் ஸ்விகி கார்டில் கிடைத்த கேஷ்பேக் முன்பு ஸ்விகி மணியாக வந்ததால், அதை ஸ்விகியில் மட்டுமே செலவழிக்க முடிந்தது. 2024 ஜூன் 21 முதல் அது கார்டு கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டு, அடுத்த பில்லில் கழிகிறது. வாடிக்கையாளருக்கு உண்மையிலேயே நன்மை தந்த மாற்றம் இது. எல்லா மாற்றங்களும் அப்படி அமைவதில்லை.

படி 1: உங்கள் கார்டு எந்த வகை என்று பாருங்கள். எஸ்பிஐ கேஷ்பேக் கார்டில் ஸ்டேட்மெண்ட் வந்தபின் தொகை தானாகவே வரவாகிவிடும். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டில் அது அமேசான் பே இருப்பில் சேரும். இவ்விரண்டிலும் நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. எச்டிஎஃப்சி மில்லினியா போன்ற கார்டுகளில்தான் கேஷ்பேக், கேஷ்பாயிண்ட் எனப்படும் புள்ளிகளாகச் சேர்கிறது; அதை நாமே கேட்டுப் பெற வேண்டும். கீழே உள்ள படிகள் மில்லினியா கார்டுக்கானவை.

படி 2: இருப்பைச் சரிபாருங்கள். பில்லில் கழிக்கும்போது ஒரு பாயிண்ட் 1 ரூபாய்க்குச் சமம்; அதற்குக் குறைந்தது 500 பாயிண்ட்டுகள் தேவை. பாயிண்ட்டுகள் இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும்.

படி 3: எப்போது ரிடீம் செய்வது, அதாவது பாயிண்ட்டுகளைக் கொடுத்துப் பலனைப் பெறுவது என்று தீர்மானியுங்கள். புதியவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். 2024 ஆகஸ்ட் 1 முதல், பில்லில் கழிக்கும் ஒவ்வொரு முறையும் 50 ரூபாய் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும், ஆக 59 ரூபாய் பிடிக்கப்படுகிறது. 500 பாயிண்ட்டுகள் சேர்ந்ததுமே ரிடீம் செய்தால் மிஞ்சுவது 441 ரூபாய்தான். அதாவது, நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் அளவுக்குக் கட்டணத்திலேயே போய்விடும். 3,000 பாயிண்ட்டுகளை ஒரே முறையில் ரிடீம் செய்தால் அதே 59 ரூபாய் போக 2,941 ரூபாய் கிடைக்கும். 2023 பிப்ரவரி முதல் மாதத்துக்கு 3,000 பாயிண்ட்டுகள்தான் இவ்வாறு மாற்ற முடியும் என்பதால், அதற்கு மேல் சேர்த்து வைப்பதிலும் பயனில்லை. ஆகவே 3,000 வரும்வரை பொறுத்திருப்பதே, காலாவதி நெருங்காத பட்சத்தில், என் பரிந்துரை.

படி 4: நெட்பேங்கிங்கில் நுழைந்து, கிரெடிட் கார்டு பகுதியில் ரிவார்ட் பாயிண்ட்டுகளை ரிடீம் செய்யும் பக்கத்தைத் திறந்து, ஸ்டேட்மெண்ட் தொகையில் கழிக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். அருகிலேயே விமான டிக்கெட், ஓட்டல் அறை, பரிசுப் பொருட்கள் என்று கண்ணைக் கவரும் படங்களுடன் வேறு வாய்ப்புகளும் இருக்கும். பில்லில் கழித்தால் 1 ரூபாய் மதிப்புள்ள பாயிண்ட், அங்கே அதிகபட்சம் 30 காசுதான் பெறும். கட்டணத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் போனால், 3,000 பாயிண்ட்டுகள் 900 ரூபாயாகச் சுருங்கிவிடும்.

படி 5: சில நாட்கள் கழித்துக் கார்டு கணக்கில் வரவைச் சரிபாருங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பில்லை, இந்த வரவை நம்பிக் குறைத்துக் கட்டாதீர்கள். கேஷ்பேக் வரவு, நீங்கள் செலுத்திய தொகையாகக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. பில்லில் உள்ள முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டிவிட்டால், வரவான தொகை அடுத்த பில்லில் தானாகக் கழிந்துகொள்ளும்.