நன்கொடை ஏலம்: ஒரு பொருளுக்கு இரண்டு கைகள்

ஏலத்தில் ஒரு பொருளின் விலையை முடிவு செய்பவர் அதைப் பெரிதும் விரும்புகிறவர் அல்லர். அவருக்கு அடுத்தபடியாக விரும்புகிறவரே. ஒருவர் ஆயிரம் வரை கொடுக்கத் தயாராக வந்திருந்தாலும், அவரோடு போட்டியிடுபவர் நானூறில் கையை இறக்கிவிட்டால், பொருள் நானூற்றைச் சற்றே தாண்டியவுடன் கைமாறிவிடும். ஆகவே, நற்பணிக்கு நிதி திரட்ட ஏலம் நடத்த முனைவோர் முதலில் பொருள்களைத் தேடி அலையாமல், அரங்குக்கு யார் வருவார்கள், அவர்களில் எதற்கு இரண்டு பேராவது கை உயர்த்துவார்கள் என்று யோசிக்க வேண்டும்.

தேவைப்படும் தொகையையும், அரங்கம், அச்சு, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு ஆகும் செலவையும் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் சட்டப்படி அனுமதி தேவையா, வாங்குகிறவர்களுக்கு வரிச்சலுகை உண்டா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் பொருளின் சந்தை மதிப்பைத் தாண்டிக் கொடுத்த தொகை மட்டுமே நன்கொடையாகக் கருதப்படுகிறது.

கடையில் விலைச்சீட்டோடு கிடைக்கும் பொருள் பெரும்பாலும் அந்த விலையைத் தாண்டாது. அங்கே இன்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும். விலை குறிக்க முடியாதவைதான் ஏலத்தில் ஏறும்: ஓர் இசைக்கலைஞர் வீட்டுக்கே வந்து நடத்தும் ஒரு மணி நேரப் பாடம், ஓவியர் எதிரில் அமர்ந்து வரைந்து தரும் உருவப்படம், உதவி பெறும் பிள்ளைகளே செய்த கைவினை. நன்கொடையாளரிடம் “ஏதாவது கொடுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால், அவர் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதுதான் வந்து சேரும். வேண்டியதைக் குறிப்பாகக் கேளுங்கள். அது எத்தனை பேருக்கு, எந்த நாள் வரை செல்லும், போக்குவரத்துச் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட தொகையைத் தங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு பொருள் கொடுக்க முன்வருவோரும் உண்டு. அத்தகைய பொருள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நற்பணிக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

சிறிய பொருள்களுக்கு, வாயால் கேட்காமல் தாளில் தொகையை எழுதிக் கேட்கும் எழுத்து ஏலமே ஏற்றது. ஒவ்வொரு பொருளின் முன்னும் ஒரு தாளை வையுங்கள். மேலே பொருளின் பெயர், கொடுத்தவர் பெயர், நிபந்தனைகள். கீழே கேட்பவருக்கு ஏலத்தில் தரப்பட்ட எண்ணுக்கும் தொகைக்கும் தனித்தனிப் பத்திகள். சந்தை மதிப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தொடக்க விலையை வைத்து, அடுத்தடுத்த வரிகளில் ஏறவேண்டிய தொகையை முன்கூட்டியே அச்சிட்டுவிட்டால், பத்து பத்தாக ஏற்றிக்கொண்டு எவரும் நேரத்தைக் கடத்த முடியாது. பேனாவை ஒவ்வொரு தாளோடும் நூலால் கட்டிவிடுவது அற்பமாகத் தோன்றும். ஆனால் கடைசி ஐந்து நிமிட நெருக்கடியில் பேனா தேடும் கை எழுதாமலே திரும்பிவிடும். எல்லா மேசைகளையும் ஒரே நேரத்தில் மூடாமல் கால் மணி நேர இடைவெளியில் ஒவ்வொன்றாக மூடினால், முதல் மேசையில் தோற்றவர் அடுத்ததில் முயல வாய்ப்பு கிடைக்கும்.

குரல் ஏலத்துக்குப் பத்துப் பொருள்களே போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் என்றாலும் அரை மணி நேரம் ஆகிவிடுகிறது; அதற்கு மேல் கூட்டம் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடும். மிகச் சிறந்த பொருளைக் கடைசிக்கு வைப்பது பலரும் செய்யும் தவறு, ஏனெனில் அதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். நடுப்பகுதியைச் சற்றுத் தாண்டியவுடன் அதை எடுப்பதே என் வழக்கம். ஏலம் விடுபவர் நகைச்சுவையாளராக இருக்கத் தேவையில்லை. எண்களைத் தடுமாறாமல் சொல்பவராகவும், “ஒரு தரம், இரண்டு தரம்” என்றபின் மூன்றாவதைச் சொல்லாமல் சில நொடிகள் பொறுத்து, பின்வாங்கியவரின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவராகவும் இருந்தால் போதும். விலையை ஏற்றுவதற்காகத் தம் ஆட்களைக் கூட்டத்தில் உட்காரவைத்துப் பொய்யாகக் கேட்கச் செய்வது மோசடி. பல இடங்களில் சட்டப்படி குற்றமும்கூட.

பெரிய பொருள் போனவுடன், சூடு ஆறுவதற்குள், பொருள் ஏதுமில்லாத நேரடி நன்கொடைக்கு அழைப்பு விடுங்கள். உயர்ந்த தொகையில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வாருங்கள். ஏலத்தில் எதையும் எடுக்க முடியாதவர்களும் இதில் கை உயர்த்துவார்கள்.

பணம் செலுத்தும் மேசைகளைப் பொருள் ஒப்படைக்கும் மேசையிலிருந்து பிரித்து, ரசீதைக் காட்டினால்தான் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாவதாக நின்றவரின் எண்ணையும் அவர் கேட்ட கடைசித் தொகையையும் கட்டாயம் குறித்துவையுங்கள். வென்றவர் பணம் கட்டாமல் போய்விட்டால், மறுநாள் காலையில் முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டியவர் இந்த இரண்டாமவர்தான்.