கெட்டிலில் உப்புப் படிவு போகவில்லையா?
போர்வெல் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகர் அதைக் கரைத்துவிடும். ஆனால் பச்சைத் தண்ணீரில் கொஞ்சமாக விட்டால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றிச் சூடாக்கி, கொதி வருவதற்குள் அணைத்துவிடுங்கள். அமிலத்தின் அடர்த்தியும் சூடும் கூடினால் வினை வேகமெடுக்கும். பொங்கும் நுரை கார்பன் டை ஆக்சைடு. படிவு தடிமனாக இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு மரக்கரண்டியால் லேசாக உடைத்துவிடுங்கள். துண்டுகள் சிறிதாகச் சிறிதாக அமிலம் படும் பரப்பு கூடும். அரை மணி நேரம் ஊறட்டும். அப்புறம் கழுவி, ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். வினிகருடன் ப்ளீச்சிங் பவுடரை மட்டும் சேர்க்கவே கூடாது, நச்சான குளோரின் வாயு வரும்.